தையல் பெட்டியை வைத்தே வாட்ச் பட்டை கழற்றுவது

வாட்ச் பட்டையைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்னக் கம்பி, ஸ்பிரிங் பார் என்பார்கள். அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வாட்சின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் இரண்டிரண்டு கால்கள் நீண்டிருக்குமே, அதுதான் லக். ஒவ்வொரு லக்கின் உள்பக்கத்திலும் ஊசி முனை நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். ஸ்பிரிங் பார் என்பது உள்ளே சுருள்வில் வைத்த மெல்லிய குழாய், அதன் இரண்டு முனைகளையும் அமுக்கினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வந்து அந்தத் துளைகளில் உட்கார்ந்துகொள்ளும். குளியலறையில் ஆணி அடிக்காமல் இரண்டு சுவருக்கு நடுவில் அழுத்தி நிறுத்துகிற திரைக் கம்பியைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான், நீளம் மட்டும் 18, 20, 22 மில்லிமீட்டர் என்று போகும்.

முனைக்குச் சற்று உள்ளே குழாயைச் சுற்றி ஒரு விளிம்பு தடித்திருக்கும். மெல்லிய முனை ஒன்றை அந்த விளிம்பில் கொடுத்துப் பட்டையின் நடுவை நோக்கித் தள்ளினால் பாரின் முனை துளையை விட்டு வெளியே வரும், அதே நேரம் பட்டையை லேசாக மேலே தூக்கினால் கழன்றுவிடும். வாட்ச் கடையில் வைத்திருக்கிற கருவியும் இதைத்தான் செய்கிறது. அது இல்லாமல் என் தையல் பெட்டியில் இருப்பதை வைத்தே வீட்டில் இருக்கிற வாட்சுகள் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன், எதெது வேலைக்கு ஆனது, எதை எடுக்கவே கூடாது என்பதை எழுதி வைக்கிறேன்.

ஏன் இந்த வேலையில் இறங்கினேன் என்றால் நாங்கள் இருப்பது ஜெலுத்தோங்கில், கடல் பக்கம். பினாங்கில் காற்றில் ஈரம் குறைகிற நாளே கிடையாது, வீட்டை விட்டு இறங்கி பஸ் நிறுத்தம் போவதற்குள் மணிக்கட்டு நனைந்துவிடும். அந்த வியர்வை பட்டைக்கும் வாட்சுக்கும் நடுவில் போய்த் தங்குகிறது. வெளியே தெரிகிற இடத்தைத் துடைத்துவிடுகிறோம், லக்குக்கு உள்பக்கம் யாரும் பார்ப்பதில்லை. அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து ஒரு சீக்கோ 5 கட்டுகிறார், பெர்ரியில் போய்வந்த காலமெல்லாம் அதுதான் அவர் கையில். கொஞ்ச நாளாக வாட்ச் கட்டுகிற இடத்தில் அரிக்கிறது என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வாட்சை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் செயினுக்கும் வாட்சுக்கும் நடுவில் கறுப்பாக அழுக்கு இறுகிப்போய் இருந்தது.

“நல்லாத்தானேம்மா ஓடுது, அதப் போய் ஏன் கழட்டுற?” என்றார். ஓட்டத்தில் குறை ஒன்றும் இல்லை, வெளியே அழுக்கு, அதை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லித்தான் வாங்க வேண்டியிருந்தது.

கருவிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மூக்குக்கண்ணாடி திருகாணிக்கென்று மலிவாகக் கிடைக்கிற குட்டித் தட்டை ஸ்க்ரூடிரைவர் இருந்தால் பெரும்பாலான வேலை அதிலேயே முடியும். முனை அகலம் ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் இடுக்கில் நுழையாது. தையல் மெஷினோடு வருகிற ஸ்க்ரூடிரைவர் இதற்குத் தடிமன். ஊக்கு நுழையும், ஆனால் வழுக்கும், விளிம்பைப் பிடிக்காமல் தோலுக்குள் குத்திக்கொண்டு போகும். தையல் பிரிக்கிற சீம் ரிப்பரைப் பார்த்தால் இதற்கென்றே செய்தது மாதிரித் தெரியும், முனை இரண்டாகப் பிளந்திருப்பதால் கை அதைத்தான் தேடும். எடுக்காதீர்கள். அந்தப் பிளவின் அடிப்பகுதி முழுக்கக் கத்தி, தகடும் மெலிசு, அழுத்தினால் வளையும், வளைந்து நழுவினால் விரல்தான் அறுபடும். சமையல் கத்தி முனையும் அப்படித்தான், வாட்சையும் கீறும், ஆளையும் கீறும்.

எனக்கு மிக நன்றாக உதவியது ஊசியில் நானே செய்த ஒரு கவை. போர்வை தைக்கிற தடித்த ஊசி இருக்கிறதல்லவா, கண் பெரிதாக நீளமாக இருக்கும். அதன் கண்ணின் மேல் நுனியைக் கட்டிங் பிளையரால் வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது இரண்டு குட்டி விரல்கள். வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஊசி இரும்பு வளையாது, துண்டு தெறித்துப் போகும், அதனால் ஒரு துணிக்கு உள்ளே வைத்து வெட்டுவது நல்லது. வெட்டிய முனை கரடுமுரடாக இருக்கும், நகம் தேய்க்கிற அரத்தால் அல்லது தண்ணீர் உப்புத்தாளால் இரண்டு பக்கமும் தட்டையாகத் தேய்க்க வேண்டும், ஒரு தாள் அட்டை நுழைகிற இடுக்கில் அது நுழைகிற வரைக்கும். அப்புறம் பிடி. ஊசியை வெறும் விரலால் பிடித்து அழுத்தவே முடியாது. ஒரு மூங்கில் சாப்ஸ்டிக்கின் தடித்த முனையைப் பிளந்து, ஊசியின் கூர்ப்பக்கத்தை உள்ளே விட்டு, நூலால் இறுக்கிச் சுற்றி, மேலே சூப்பர் குளூ விட்டுக் காயவைத்தேன். கவையின் இரண்டு விரலும் பாரின் மேலும் கீழும் உட்கார்ந்துகொண்டு விளிம்பைத் தள்ளும், ஸ்க்ரூடிரைவர் மாதிரி ஒரு பக்கமாக வழுக்கிப் போவதில்லை. கடைக் கருவியும் விலை அதிகமில்லை, வாங்க முடிந்தவர்கள் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டை அறுந்து நிற்கிறவருக்கு ஊசி உடனே கிடைக்கும்.

இடம் முக்கியம். மேசையில் வெளிர்நிறத் துண்டை மடித்து விரித்து, வாட்சைக் குப்புற வையுங்கள். துண்டில் மணலோ தூசியோ இல்லாமல் உதறிக்கொள்ளுங்கள், முகக்கண்ணாடியில் கீறல் விழுவது பெரும்பாலும் அப்படித்தான். லக்கின் உள்பக்கத்திலும் பின்பக்கத்திலும் மாஸ்கிங் டேப்பைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஒட்டுங்கள். வயர் டேப் பிசின் விட்டுப்போகும், வேண்டாம். முக்கியமான இன்னொன்று, ஸ்பிரிங் பார் பறக்கும். முனை விடுபட்ட நொடியில் எங்கே போனது என்றே தெரியாது. நான் ஒரு பெரிய தெளிவான பிளாஸ்டிக் பையை எடுத்து, வாட்சும் இரண்டு கையும் அதற்குள் இருக்கிற மாதிரி வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். கொஞ்சம் வியர்க்கும், ஆனால் பறந்தது பையிலேயே கிடக்கும். பையில்லாமல் செய்து தரையில் விழுந்துவிட்டால் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்துப் பாருங்கள், இத்தனூண்டு கம்பிக்கும் நீளமாக நிழல் விழும். காந்தத்தை வைத்துத் தேடலாம் என்று தோன்றும், ஆனால் மெக்கானிக்கல் வாட்ச் பக்கத்தில் இருக்கும்போது காந்தத்தைக் கொண்டுவராதீர்கள், உள்ளே இருக்கிற மயிர்ச்சுருளில் காந்தம் ஏறிவிட்டால் நேரம் தாறுமாறாக ஓடும்.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து வையுங்கள். தோல் பட்டையில் பக்கிள் இருக்கிற குட்டைத் துண்டு 12 மணிப் பக்கம், ஓட்டை போட்ட நீளத் துண்டு 6 மணிப் பக்கம், இது எல்லோருக்கும் தெரியும் என்றாலும் செயினில் எந்தப் பக்கம் எது என்பது கழற்றிய பிறகு குழப்பும்.

முதலில் என் தோல் பட்டை வாட்சில் கையைப் பழக்கினேன். தோல் பட்டை இருப்பதிலேயே சுலபம். பின்பக்கமிருந்து பார்த்தால் லக்குக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி, அதில் பாரின் விளிம்பு மினுக்கென்று தெரியும். ஊசிக் கவையை உள்ளே விட்டு, விளிம்பைப் பிடித்ததும் பட்டையின் நடுவை நோக்கித் தள்ளி, இடது கட்டைவிரலால் பட்டையை மேலே தூக்கினால் ஒரு சின்ன ‘டக்’, வந்துவிட்டது. இழுக்க வேண்டியதே இல்லை. பலமாக இழுக்கத் தோன்றினால் விளிம்பு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம், திரும்ப வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வந்ததும் மறுமுனை தானாகத் துளையிலிருந்து நழுவி வரும். பட்டையின் உள்பக்கம் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது, இந்த ஊரில் தோல் பட்டையை அலமாரியில் மூடி வைத்தால் இதுதான் நடக்கும். காய்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றோட்டமாக வைத்தேன், வெயிலில் காயவைத்தால் தோல் விறைத்துப்போகும்.

சில வாட்சுகளில் லக்கின் வெளிப்பக்கத்திலேயே துளை தெரியும், துளை லக்கை ஊடுருவி வந்திருக்கும். அப்படி இருந்தால் உங்களுக்கு வேலையே இல்லை, பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி வெளியிலிருந்து பாரின் முனையை உள்ளே அழுத்தினால் போதும். சில புதுப் பட்டைகளில் பின்பக்கம் ஒரு குட்டிக் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் அதை உள்ளே இழுத்தால் பட்டை கையோடு வரும். ஆப்பிள் வாட்சில் பார் கிடையாது, பின்பக்கம் இருக்கிற பொத்தானை அழுத்திக்கொண்டே பட்டையைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும், தூக்கினால் வராது.

அப்பாவின் சீக்கோவுக்கு வருகிறேன், நேரம் பிடித்தது இதில்தான். சீக்கோ 5 என்கிற பெயர் 1963-இல் வந்தது, தானாகச் சாவி ஏறுவது, கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் தெரிவது, தண்ணீர் தாங்குவது, சாவிக் குமிழ் 4 மணிப் பக்கத்தில் உள்வாங்கி இருப்பது, உடம்பும் பட்டையும் உறுதியாக இருப்பது என்று ஐந்து சங்கதிகளுக்காக வைத்த எண். அந்தக் குமிழ் 4 மணியில் இருப்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதனால் ஒரு ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது, கொஞ்சத்தில் சொல்கிறேன்.

செயினில் வாட்சோடு சேருகிற கடைசித் துண்டு, எண்ட் லிங்க், இந்த வாட்சில் தகட்டை மடித்துச் செய்தது, உள்ளே கூடு. ஸ்பிரிங் பார் அந்தக் கூட்டுக்குள் ஓடுகிறது, பின்பக்கமிருந்து பார்த்தால் இரண்டு ஓரத்திலும் மடிப்பு திறந்திருக்கிற இடத்தில் விளிம்பு தெரியும். தோல் பட்டையில் போல் ஒரு பக்கம் தள்ளியதும் தூக்க முடியாது, ஏனென்றால் எண்ட் லிங்க் லக்கின் வளைவோடு இறுக்கமாகப் பொருந்தியிருக்கும். இடது விளிம்பைத் தள்ளி, அந்த மூலையை மட்டும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே நகர்த்தி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் முனை திரும்பத் துளைக்குள் போகாது, அந்த நிலையிலேயே வலது விளிம்பையும் தள்ள வேண்டும். லக்கின் மேல் ஸ்க்ரூடிரைவரை முட்டுக்கொடுத்து நெம்பாதீர்கள், டேப் ஒட்டியிருந்தாலும் அழுத்தம் இரும்பில் பதியும், மடித்த தகடும் நெளிந்துபோகும்.

மேல்பக்கம் இப்படியே வந்துவிட்டது. கீழ்ப்பக்கம் அசையவில்லை. துருவும் அழுக்கும் சேர்ந்து பாரின் முனையைத் துளையோடு பிடித்துக்கொண்டிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் அவசரப்பட்டால் பாரின் முனை உள்ளேயே முறிந்துவிடும், அது முறிந்து லக்குக்குள் மாட்டிக்கொண்டால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும், வீட்டு வேலை அதோடு முடிந்தது. முதலில் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தை ஒரு சொட்டு தண்ணீரில் கரைத்து, பல்குத்தியின் நுனியில் தொட்டு, இறுகின அழுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தேன். பழைய வாட்சின் உள் ரப்பர் வளையம் எந்த நிலையில் இருக்கிறதென்று வெளியே தெரியாது, அதனால் வாட்சைத் தண்ணீரில் முக்கவே கூடாது, பின்மூடியில் தண்ணீர் தாங்கும் என்று பொறித்திருந்தாலும்.

அழுக்கு போன பிறகு தையல் மெஷின் எண்ணெய். பாட்டிலிலிருந்து நேராக விடவில்லை, ஊசி நுனியில் ஒரு முத்து தொட்டு லக் துளை இருக்கிற இடத்தில் வைத்தேன். இங்கேதான் 4 மணிக் குமிழ். கீழ்ப்பக்கத்து வலது லக்குக்கும் அதற்கும் இடைவெளி ரொம்பக் குறைவு, எண்ணெய் வழிந்து குமிழ்த் தண்டு வழியாக உள்ளே போனால் பெரிய செலவு. வாட்சைச் சாய்த்து, லக் கீழே, குமிழ் மேலே இருக்கிற மாதிரி ஒரு நூல்கண்டின் மேல் சாய்த்து வைத்துவிட்டு ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் மிச்ச எண்ணெயைத் துணி நுனியால் ஒற்றி எடுத்துவிட்டு, செயினை மேலும் கீழும் லேசாக ஆட்டிக்கொண்டே விளிம்பைத் தள்ளியதும் முனை உள்ளே போனது. கையில் அது அசைகிறதை உணர்ந்தபோது வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கழற்றிய பிறகு பார்த்தது இதுதான். எண்ட் லிங்கின் கூடு முழுக்கக் கறுப்பும் பச்சையும் கலந்த பசை, அதன் நடுவில் துருநிறத்தில் ஒரு கோடு, பார் இருந்த இடம். லக்கின் உள்பக்கம், வெளியே எங்கேயும் இல்லாத மாதிரி, ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள். துருப்பிடிக்காத எஃகு ஏன் இப்படி அரிக்கப்படுகிறது என்றால், அதைக் காப்பாற்றுவது மேற்பரப்பில் குரோமியமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாக்குகிற கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். கீறல் விழுந்தாலும் காற்று பட்டால் அந்தப் படலம் தானாகத் திரும்ப உண்டாகும். இடுக்குக்குள் காற்று போவதில்லை, வியர்வையின் உப்பு மட்டும் தங்கித் தங்கிச் செறிவாகிறது, படலம் உடைந்த இடத்தில் திரும்ப வளர வழியில்லாமல் குழி விழுகிறது. வாட்சுகளில் அதிகம் பயன்படுகிற 316எல் எஃகில் உப்பைத் தாங்கத்தான் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்க்கிறார்கள், அப்படியும் இடுக்கில் வருஷக்கணக்காக ஊறினால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. அதனால்தான் நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன், பட்டையைக் கழற்றுவது பட்டை மாற்றுகிற அன்றைக்கு மட்டும் செய்கிற வேலையாக இருக்க வேண்டாம், நம் ஊர் வெக்கைக்கு அவ்வப்போது கழற்றித் துடைத்து மாட்டினால்தான் வாட்ச் தாங்கும். கடைக்காரர் பட்டை மாற்றித் தருவார், உங்கள் வாட்சை மாதாமாதம் கழற்றித் துடைத்துத் தர அவருக்கு நேரம் இருக்காது.

செயினை மட்டும் வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டு, குழந்தைகள் பல்துலக்குகிற மென்மையான பிரஷால் ஒவ்வொரு மடிப்பாகத் தேய்த்தேன். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, காற்றாடிக்கு நேராகத் தொங்கவிட்டேன். மடித்த தகட்டு லிங்குக்குள் தண்ணீர் தங்கும், மேலே காய்ந்துவிட்டது என்று உடனே கட்டினால் உள்ளிருந்து துருத்தண்ணீர் கசிந்து சட்டையில் கறையாகும், ஒரு நாள் முழுக்கக் காயட்டும். எண்ட் லிங்கின் உள்பக்கம் எழுத்தும் எண்ணும் பொறித்திருந்தது, அதைப் படம் எடுத்துக்கொண்டேன், பின்னாளில் அதே மாதிரித் துண்டு தேட அது உதவும். பின்மூடியில் உள்ள ஆறு இலக்க எண்ணில் முதல் இலக்கம் செய்த ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். எந்தப் பத்தாண்டு என்பதை மட்டும் வாட்சின் மாடலை வைத்து நாமாகக் கணக்குப் போட வேண்டும். அப்பா அதைக் கேட்டுவிட்டு, வாங்கிய வருஷத்தைத் தன் சம்பளக் கணக்கோடு சேர்த்துப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

பழைய ஸ்பிரிங் பாரைத் திரும்ப மாட்டாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் புளோக்கில் மேல்மாடி அண்ணன் ஒருவர் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறினார், பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி, கூட்டத்தில் கை உரசிக்கொண்டே போகிற இடம். மேலே போய்த் தண்ணீர் குடிக்கக் கையைத் தூக்கும்போதுதான் வாட்ச் இல்லை என்று தெரிந்திருக்கிறது. பட்டை புதுசு, பார் பழசு. ஆயிரக்கணக்கான கால்களுக்கு நடுவில் எங்கே தேடுவது? அவருடைய மாமனார் கொடுத்த வாட்ச், இன்னமும் அதைப் பற்றிப் பேசும்போது மணிக்கட்டைத் தடவிக்கொள்வார்.

பார் நல்லதா என்று பார்க்க, கண்ணாடி மேசை மேல் உருட்டுங்கள், வளைந்திருந்தால் தத்தித் தத்தி உருளும். முனையை நகத்தால் அமுக்கிப் பாருங்கள், உடனே துள்ளி வர வேண்டும், மெல்ல வந்தால் உள்ளே சுருள் துருப்பிடித்திருக்கிறது. புதுசு ஒன்றும் விலை கிடையாது, சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) ஒரு சின்ன பாக்கெட் கிடைக்கும், லிட்டில் இந்தியா பக்கம் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் இருக்கிற நடைபாதையில், உட்கார்ந்து வாட்ச் பார்க்கிறவர்களிடம் ஜோடியாகவே கேட்டு வாங்கலாம். சிட்டி ஸ்டேடியம் பக்கத்து லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் பழைய செயின், பக்கிள் எல்லாம் குவித்து வைத்திருப்பார்கள், பழைய மாடலுக்குப் பொருந்துகிற துண்டு தேட நல்ல இடம், ஆனால் ஸ்பிரிங் பாரை மட்டும் புதுசாகவே வாங்குங்கள். நீளத்தை அளக்க இஞ்சி டேப்பை நம்பாதீர்கள், அதன் நுனித் தகடு தேய்ந்திருக்கும். ஒரு தாளைக் கத்தரித்துக் கத்தரித்து இரண்டு லக்குக்கு நடுவில் சரியாக உட்காருகிற அகலத்துக்குக் கொண்டுவந்து, அந்தத் தாளை எஃகு ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் குட்டையான பாரும் மாட்டியது போல் நிற்கும், ஒரு தட்டுத் தட்டினால் விழும்.

மாட்டும்போது பாரைப் பட்டைக்குள் விட்டு, ஒரு முனையைத் துளையில் உட்காரவைத்து, மறுமுனையின் விளிம்பைக் கவையால் உள்ளே தள்ளிக்கொண்டே பட்டையை லக்குக்கு நடுவில் இறக்க வேண்டும். ஓவர்லாக் மெஷினோடு வருகிற வளைந்த டுவீசர் இருந்தால் பாரைப் பிடித்து வழிகாட்ட வசதி. முனை துளையில் விழும்போது சத்தம் கேட்கும், சத்தத்தை மட்டும் நம்பாமல் மெத்தையின் மேல் வாட்சைப் பிடித்துக்கொண்டு பட்டையை நன்றாக இழுத்தும் முறுக்கியும் பாருங்கள், நான்கு முனைக்கும் தனித்தனியாக. விழுந்தாலும் மெத்தையில் விழட்டும்.

அண்ணன் மகன் இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், “அத்தை, என்னோடதையும் பாருங்க” என்று அவனுடைய கேசியோ எஃப்-91டபிள்யூவை நீட்டினான். 1989-இல் வந்த மாடல், இன்னமும் அதே உருவத்தில் விற்கிறது, லக் அகலம் 18 மில்லிமீட்டர். பட்டை ஓட்டை போட்ட இடத்தில் வெடித்திருந்தது. ரெசின் பட்டை என்பது பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக், ஈரம் அதை உள்ளிருந்தே மெல்ல உடைக்கிறது, பளபளப்பு போய், பிசுபிசுத்து, ஒரு நாள் வெடிக்கும், ஒட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இதில் பின்பக்கமிருந்து மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூடிரைவரை ஓரத்தில் விட்டால் ரெசின் நெகிழ்ந்து கொடுக்கும், கவைகூட வேண்டாம். அவனையே செய்யச் சொன்னேன், செய்துவிட்டான். பிளாஸ்டிக் உடம்பு என்பதால் லக் துளையை ஸ்க்ரூடிரைவர் நோண்டிப் பெரிதாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது பெரிதானால் எந்த பாரும் நிற்காது. அவனுக்கு நைலான் பட்டைதான் பிடித்தது, நேட்டோ பட்டை என்று விற்கிறார்களே, 1973-இல் பிரிட்டிஷ் ராணுவ அமைச்சின் தர அளவையில் வந்தது, ஒரே நீளத் துண்டு. பார்களை முதலில் மாட்டிவிட்டு அவற்றுக்கு அடியில் பட்டையை நுழைத்தால் போதும், துவைக்கக் கழற்ற எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு பார் போனாலும் வாட்ச் மறு பாரில் தொங்கிக்கொண்டிருக்கும். ஓடியாடுகிற பிள்ளைக்கு இதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

செயின் லிங்கைக் குறைப்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்பாவின் கை மெலிந்துவிட்டது, செயின் வளையல் மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் பக்கிளின் ஓரத்தைப் பாருங்கள், வரிசையாகத் துளைகள் இருக்கும், அங்கே இருப்பதும் ஒரு ஸ்பிரிங் பார்தான், அதை ஊசியால் அமுக்கி அடுத்த துளைக்கு நகர்த்தினாலே பல நேரம் போதுமானதாக இருக்கும். அது போதாவிட்டால் லிங்கின் உள்பக்கம் அம்புக்குறி போட்டிருக்கும், லிங்குகளைக் கோத்திருக்கிற குட்டிக் கம்பி, பின் என்பார்கள், அது வெளியே வருகிற திசை அது. பள்ளிக்கூட ரப்பர் ஒன்றில் பள்ளம் வெட்டி, செயினைப் பக்கவாட்டில் நிறுத்தி, அம்பு கீழே பார்க்கிற மாதிரி வைத்து, தடித்த ஊசியை மேல் துளையில் வைத்து, விரலில் திம்பிள் மாட்டிக்கொண்டு அழுத்தினேன், பின் ரப்பருக்குள் இறங்கியது. அசையாவிட்டால் முனையை மழுங்கத் தேய்த்த மெல்லிய ஆணியை வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டலாம். திரும்ப மாட்டும்போது அம்புக்கு எதிர்த்திசையில், பிளவுள்ள முனை கடைசியாக உள்ளே போகிற மாதிரி. சீக்கோ செயின் சிலவற்றில் பின்னோடு சேர்ந்து மணலளவு ஒரு குட்டிக் குழாயும் லிங்குக்குள் இருக்கும், பின்னை இறுக்கிப் பிடிப்பது அதுதான், அது விழுந்து தொலைந்தால் பின் தானாக நழுவி வந்துவிடும். வெள்ளைத் தட்டுக்கு மேல் வைத்துச் செய்யுங்கள். குறைக்கிற லிங்கை இரண்டு பக்கமும் சமமாக எடுத்தால் பக்கிள் மணிக்கட்டின் நடுவில் நிற்கும்.

கை வைக்காமல் விட்டவையும் உண்டு. அண்ணியின் தங்கமுலாம் பூசிய குட்டி வாட்சில் செயின் உடம்போடு பற்றவைத்தது மாதிரி இருக்கிறது, பார் எதுவும் தெரியவில்லை, அதைக் கடைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். லிங்கில் திருகாணி இருக்கிற விலையுயர்ந்த செயின்களில் பசை போட்டு இறுக்கியிருப்பார்கள், அளவு பொருந்தாத ஸ்க்ரூடிரைவரைப் போட்டுத் திருகினால் தலை பிய்ந்துவிடும். செராமிக் லிங்க்கை ஆணி வைத்துத் தட்டினால் உடையும்.

அப்பாவின் அரிப்பு இப்போது இல்லை, ஆனாலும் ராத்திரி வாட்சைக் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்து பட்டர்வொர்த்தில் இருக்கிற சித்தப்பாவின் டைவர் வாட்ச், அதுவும் சீக்கோ. அந்த வகையில் பார் 2.5 மில்லிமீட்டர் தடிமன், சாதாரண பார் ஒன்றரை, 1.8 என்றுதான் இருக்கும், வழக்கமான பாக்கெட்டில் அது கிடைக்காது. அதற்கேற்ற ஜோடியைச் சொல்லி வைத்திருக்கிறேன், ஊசிக் கவையின் வாயையும் கொஞ்சம் அகலமாகத் தேய்க்க வேண்டும். பார் கைக்கு வந்ததும் அதையும் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.